வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை: ஒத்தி வீட்டின் உண்மைக் கணக்கு



வட்டிக்கடைப் பலகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சமுதாயம் நம்முடையது. வங்கிச் சேமிப்புக் கணக்கில் தானாக வந்து சேரும் சில நூறு ரூபாய் வட்டியைக்கூடச் சொந்தச் செலவில் கலந்துவிடாமல், பொதுக் கழிப்பறை கட்டவோ சாலை செப்பனிடவோ ஒதுக்கிவிடும் பேணுதல் நம்மில் பலரிடம் உண்டு. அல்லாஹ் அந்தப் பேணுதலை ஏற்றுக்கொள்வானாக!

ஆனால் அதே மனிதர், வளைகுடாவில் பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த ஐந்து லட்சத்தை ஒரு வீட்டின் மீது 'ஒத்தி'க்குக் கொடுக்கிறார். மூன்றாண்டுகள் ஒரு பைசா வாடகை இல்லாமல் குடியிருக்கிறார். காலம் முடிந்ததும் ஐந்து லட்சத்தை முழுமையாக எண்ணி வாங்கிக்கொள்கிறார். கேட்டால், "பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை, இதில் என்ன தவறு?" என்கிறார்.

இந்த ஒரு வாக்கியம் நம் ஊர்களில் ஏறத்தாழ மார்க்கத் தீர்ப்பின் தகுதியைப் பெற்றுவிட்டது. இது தீர்ப்பன்று, ஏமாற்று. ஒத்தி என்பது வட்டி. வாடகை என்னும் போர்வை போர்த்திய வட்டி. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் இருப்பதால், நம் ஏழைக் குடும்பங்கள் நம் கையாலேயே நசுக்கப்படுகின்றன. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

நெல் விளையும் ஊரில் வாடகை

கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் அமைந்த ஊர். 2021இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் இந்த ஊரின் நாடித்துடிப்பு இன்றும் வயலில்தான் இருக்கிறது. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்பதுதான் கடைத்தெருவின் ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கிறது. குறுவை நன்றாக விளைந்தால் ஜவுளிக்கடையில் கூட்டம். சம்பா மழையில் மூழ்கினால் பாத்திரக்கடையில் ஈ ஓட்டும் நிலை.

சோழபுரம், திருமங்கலக்குடி, ஆடுதுறை, வலங்கைமான், பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை எனச் சுற்றுவட்டாரத்தில் நம் மக்கள் வாழும் ஊர்கள் பல. பிள்ளைகளின் படிப்புக்காக, மருத்துவத்திற்காக, கடை வைப்பதற்காக இவ்வூர்களிலிருந்து நகருக்குக் குடிபெயர்வோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு வேண்டும். தேடும்போதுதான் இரண்டு கதவுகள் அடைபடுவதைக் காண்கிறார்கள்.

முதல் கதவு எல்லோரும் அறிந்தது. பெயரைக் கேட்டதும் வீடு 'ஏற்கெனவே பேசி முடிந்துவிடுகிறது'. அல்லது, 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனை திடீரென முளைக்கிறது. தரகர் நம் முகத்தைப் பார்க்காமல், "உங்க ஆளுங்க தெருவுலயே பாருங்க பாய்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இந்த அநீதியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேசவும் வேண்டும்.

இரண்டாம் கதவைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அது நம்முடைய தெருவில் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு அருகில் நான்கு வீடுகள் காலியாக இருக்கும். உரிமையாளர் நம்மவர்தான். ஸலாம் சொல்லி உட்காரவைத்துத் தேநீரும் கொடுப்பார். பிறகு, "வாடகைக்கு விடுறதில்லை, ஒத்திக்குத்தான்" என்பார். தொகையைச் சொல்வார். ஜவுளிக்கடையில் பணியாற்றி மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் அந்தத் தொகையைக் கேட்டபின் தேநீரை விழுங்குவது கடினம்.

வெளித்தெருவில் மதத்தின் பெயரால் திருப்பி அனுப்பப்பட்டவர், நம் தெருவில் பணத்தின் பெயரால் திருப்பி அனுப்பப்படுகிறார். வேறெங்கும் இடம் கிடைக்காது என்பதை நம் வீட்டுக்காரர் நன்கு அறிவார். அந்த நெருக்கடிதான் ஒத்தித் தொகையை மேலும் மேலும் ஏற்றுகிறது. பிறர் நமக்குச் செய்யும் அநீதியிலிருந்து நாமே இலாபம் பார்ப்பதற்கு என்ன பெயர்?

வயலில் தொடங்கிய வழக்கம்

ஒத்தி, போக்கியம் என்ற சொற்கள் வீட்டிலிருந்து பிறந்தவை அல்ல, நிலத்திலிருந்து வந்தவை. கையில் பணமில்லாத நிலக்காரர் தம் வயலைப் பணமுள்ளவரிடம் ஒப்படைத்துத் தொகை பெறுவார். பணம் கொடுத்தவர் அந்த வயலை உழுது, விளைச்சலை அனுபவிப்பார். பணம் திரும்பும் நாளில் நிலம் திரும்பும். இடைப்பட்ட ஆண்டுகளின் நெல்லெல்லாம் கடன் கொடுத்தவருக்கு.

வேளாண் ஊரில் இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. இங்கே வருமானம் மாதந்தோறும் வருவதில்லை. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் மகளின் திருமணமோ மகனின் விசாவோ வந்து நின்றால், மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது. அப்போது நிலமோ வீடோ ஒத்திக்குப் போகிறது.

ஆகவே ஒத்திக்கு விடுபவர் எல்லோரும் பேராசைக்காரர் அல்லர். பலர் நெருக்கடியில் இருப்பவர்கள். நெருக்கடியில் இருப்பவருக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அவருடைய வீட்டை இலவசமாக அனுபவிப்பதற்கு மார்க்கம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதே கேள்வி.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு வீட்டின் நியாயமான மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டை 5,00,000 ரூபாய் ஒத்திக்கு மூன்றாண்டுகள் எடுக்கிறார் ஒருவர்.

அவர் கொடுக்காமல் விட்ட வாடகை ஆண்டுக்கு 72,000 ரூபாய். மூன்றாண்டுகளில் 2,16,000 ரூபாய். காலம் முடிந்ததும் 5,00,000 ரூபாய் குறையாமல் திரும்பி வருகிறது. ஆக, கொடுத்தது ஐந்து லட்சம். பெற்றது ஐந்து லட்சமும், அதன்மேல் 2,16,000 ரூபாய் மதிப்புள்ள குடியிருப்பும். ஆண்டுக்கு நூற்றுக்கு 14.4 வீதம்! வங்கி வைப்புத்தொகைக்குக் கூட இவ்வளவு வட்டி கிடைக்காது.

பணமாக வாங்கினால் வட்டி, வீடாக அனுபவித்தால் வட்டியில்லை என்று எந்தத் தராசு சொல்கிறது?

நாட்டின் சட்டம் இதில் நம்மைவிட நேர்மையாக இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில், சொத்தைக் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் விடும் இவ்வகை அடமானத்தை வரையறுக்கிறது. அடமானம் பெற்றவர் அச்சொத்தின் வாடகையையும் வருவாயையும் வட்டிக்குப் பதிலாகவோ, அசலுக்கு வரவாகவோ, இரண்டுக்குமாகவோ எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நம் ஒத்தியில் அசல் ஒரு ரூபாயும் குறைவதில்லை. அப்படியானால் அனுபவித்த வாடகை எதற்குப் பதிலாக? சட்டத்தின் மொழியில் அது வட்டிக்குப் பதிலாக. சட்டம் வெளிப்படையாக வைத்த பெயரை நாம்தான் மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

மார்க்கம் சொல்வது என்ன?

வாடகையை இஸ்லாம் அனுமதிக்கிறது. ஒரு பொருளின் பயனுக்கு விலை பேசிக் கொடுப்பது இஜாரா. விளைச்சலில் பங்கு பேசி நிலத்தைக் கொடுப்பதற்கும் முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் கைபர் நிலங்களை விளைச்சலில் பாதி என்ற அடிப்படையில் அங்குள்ளோரிடம் விட்ட செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. நம் பகுதியின் வாரக் குத்தகையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. விளைந்தால் இருவருக்கும், விளையாவிட்டால் இருவருக்கும் இல்லை.

அடமானத்தையும் இஸ்லாம் அனுமதிக்கிறது. ஆனால் அடமானம் கடனுக்கான உத்தரவாதம் மட்டுமே. அது கடன் கொடுத்தவர் சம்பாதிப்பதற்கான கருவி அன்று.

கடனை நிபந்தனையாக வைத்து அதிகமாகவோ அன்பளிப்பாகவோ எதைப் பெற்றாலும் அது ரிபா என்பதில் அறிஞர்களின் ஒருமித்த கருத்து இருப்பதாக இமாம் இப்னுல் முன்திர் பதிவு செய்துள்ளார். பயனை இழுத்துவரும் ஒவ்வொரு கடனும் ரிபா என்ற கருத்தில் நபிமொழியாகச் சொல்லப்படும் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. அதை நேர்மையாக ஏற்றுக்கொள்வோம். ஆனால் அதன் பொருளுக்கு நபித்தோழர்களின் கூற்றுகள் சான்றாக நிற்கின்றன.

அவற்றுள் ஒன்றை வயல் சூழ்ந்த ஊரில் வாழும் நாம் கூர்ந்து கேட்க வேண்டும். இராக்கிலிருந்து மதீனா வந்த அபூபுர்தாவிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், வட்டி பரவிய நாட்டில் நீர் வாழ்கிறீர் என்று எச்சரித்தார்கள். உமக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலையோ வாற்கோதுமையையோ கால்நடைத் தீவனத்தையோ அன்பளிப்பாகத் தந்தால்கூட வாங்காதீர், அது வட்டி என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். புகாரீயில் இடம்பெற்ற செய்தி இது.

ஒரு சுமை வைக்கோல்! கடன்பட்டவர் தாமாகக் கொண்டுவந்து போட்ட வைக்கோலுக்கே அந்தத் தோழர் இத்தனை அஞ்சினார். நாம் கடன்பட்டவரின் வீட்டையே மூன்றாண்டுகள் எடுத்துக்கொண்டு, "இதில் வட்டி எங்கே?" என்று கேட்கிறோம்.

சொல்லப்படும் சமாதானங்கள்

*"இருவரும் மனமுவந்து செய்கிறோம்."* வட்டிக்குக் கடன் வாங்குபவரும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறார். இருவரின் சம்மதம் வியாபாரத்தை ஆகுமாக்கும். அல்லாஹ் தடுத்ததை ஆகுமாக்காது. மேலும், மகளின் திருமண நாள் குறித்துவிட்டுப் பணத்துக்கு அலையும் தந்தையின் சம்மதத்தை 'மனமுவந்த' சம்மதம் என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

*"வீட்டை அனுபவிப்பதை நாங்கள் நிபந்தனையாகப் பேசவில்லை, அவராகவே அனுமதித்தார்."* வழக்கத்தில் அறியப்பட்டது நிபந்தனையாகப் பேசப்பட்டதற்குச் சமம் என்பது ஃபிக்ஹின் புகழ்பெற்ற விதி. வீட்டில் குடியிருக்க முடியாது என்றால் நீங்கள் அந்த ஐந்து லட்சத்தைக் கொடுத்திருப்பீர்களா? மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள்.

*"அடமானமாக வந்த பிராணியில் சவாரி செய்யலாம், பாலைக் கறந்து குடிக்கலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே?"* இருக்கிறது, புகாரீயிலேயே இருக்கிறது. ஆனால் அதைப் பராமரிக்கும் செலவுக்கு ஈடாகத்தான் அந்த அனுமதி. மாட்டுக்குத் தீவனம் போடாவிட்டால் மாடு செத்துப்போகும். வீட்டுக்கு என்ன தீவனம் போடுகிறீர்கள்? அந்த ஹதீஸின் அடிப்படையில் அனுமதி அளிக்கும் ஹன்பலி அறிஞர்களும் அதைச் செலவின் அளவுக்கே வரையறுத்தார்கள். வீட்டைப் போன்றவற்றுக்கு அதை நீட்டவில்லை.

*"பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர் அனுமதித்தார்களே?"* திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு விற்கும் 'பைஉல் வஃபா' என்னும் முறையை, மக்களின் தேவையைக் கருதிச் சிலர் அனுமதித்தது உண்மை. அந்தக் கருத்து வேறுபாட்டை மதிக்கிறோம். ஆனால் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அதை ஆராய்ந்து, உண்மையில் அது பயன் தரும் கடனே என்று கூறி, கூடாது என முடிவெடுத்தது. நம் ஊர் ஒத்தியில் விற்பனை என்ற பேச்சே கிடையாது, வெறும் கடன்தான். அதற்கு இந்தச் சலுகையும் பொருந்தாது.

*"நாங்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகையும் கொடுக்கிறோம்."* 6,000 ரூபாய் வீட்டுக்கு 500 ரூபாய் கொடுப்பது வாடகை அன்று, மனசாட்சிக்குப் போடும் வாய்ப்பூட்டு. கடனுக்காகக் குறைக்கப்பட்ட 5,500 ரூபாய்தான் வட்டி. பெரிய முன்பணம் கொடுத்தால் வாடகையில் கழிவு என்று பேசுவதும் இதே வகைதான். முழு வாடகையும் கொடுத்து, உத்தரவாதமாக ஒரு சிறு முன்பணம் வைப்பது வேறு. முன்பணத்தை ஏற்றி வாடகையை இறக்குவது வேறு.

சுமை யார் தலையில்?

ஒத்தி வீட்டால் இரு தரப்புக்கும் நன்மை என்று பேசுவோர், இந்த ஏற்பாட்டில் மூன்று பேர் அடிபடுவதைக் காண்பதில்லை.

முதலாமவர், வீட்டின் உரிமையாளர். வாங்கிய ஐந்து லட்சம் திருமணத்தில் செலவாகிவிட்டது. மூன்றாண்டுகள் வாடகை வருமானமும் இல்லை. தவணை முடியும்போது பணத்துக்கு எங்கே போவார்? வேறொருவரிடம் ஆறு லட்சத்துக்கு ஒத்தி பேசி, முதலாமவரின் ஐந்து லட்சத்தை அடைப்பார். அடுத்த தவணையில் ஏழு லட்சம். தம் பெயரில் வீடு இருந்தும் அதில் குடியிருக்கவும் முடியாமல், வாடகை வாங்கவும் முடியாமல் நிற்பார். ஒருநாள் கடனுக்காகவே வீட்டை விற்பார். வட்டி ஒரு குடும்பத்தை எப்படித் தின்னுமோ அப்படியே ஒத்தியும் தின்கிறது. பெயர் மட்டும்தான் மென்மையானது.

இரண்டாமவர், ஒத்திக்குக் குடிவருபவர். அவர் எல்லா நேரமும் பணக்காரர் அல்லர். மனைவியின் நகைகளை வங்கியில் அடகு வைத்து, அதற்கு வட்டி கட்டி, அந்தப் பணத்தை ஒத்திக்குக் கொடுப்போர் நம்மில் எத்தனை பேர்! ஒரு பக்கம் வட்டி கொடுத்து, மறுபக்கம் வட்டி உண்ணும் அவலம் இது. அந்தத் தொகைக்குப் பாதுகாப்பும் இல்லை. நூறு ரூபாயோ அதற்கு மேலோ அசல் கொண்ட அடமானம், பத்திரமாக எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். நாமோ முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, பதிவுச் செலவை மிச்சப்படுத்திவிட்டதாக மகிழ்கிறோம். உரிமையாளர் அதே வீட்டை வங்கியில் அடமானம் வைத்துவிட்டால், அல்லது அவர் இறந்தபின் வாரிசுகள் கைவிரித்துவிட்டால், வாழ்நாள் சேமிப்பு நீதிமன்ற வாசலில் நிற்கும்.

மூன்றாமவர்தான் மிகவும் பாவப்பட்டவர். அவரிடம் ஒத்தி கொடுக்க எதுவுமே இல்லை. கணவனை இழந்து தையல் எந்திரத்தை நம்பி வாழும் சகோதரி; உணவகத்தில் பரோட்டா மாஸ்டராக உழைக்கும் சகோதரர்; அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர்; மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் இளம் ஆலிம். மாதம் நான்காயிரமோ ஐயாயிரமோ ஒழுங்காகக் கொடுக்க அவர்களால் முடியும். மொத்தமாக லட்சங்களை எண்ணிவைக்க முடியாது. தெருவிலுள்ள வீடுகள் ஒவ்வொன்றாக ஒத்திக்கு மாறும்போது, இவர்களுக்கு எஞ்சுவது ஒழுகும் ஓட்டு வீடும், ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கும் மனைகளும்தான். பள்ளிவாசலின் பாங்கோசை கேட்கும் தொலைவில் வாழும் தகுதியைப் பணமுள்ளவருக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டோம்.

இதனோடு, ஆண்டில் பதினொரு மாதம் பூட்டியே கிடக்கும் நம்மவர்களின் பெரிய வீடுகளையும் எண்ணிப்பாருங்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு மாத விடுமுறைக்கு வந்து தங்குவதற்காகப் பளிங்குத் தரையும் நான்கு படுக்கையறைகளும். மீதி நாள்களில் புறாவும் கரையானும் குடியிருக்கின்றன. வீட்டை வாடகைக்கு விட்டால் கௌரவக் குறைவாம். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பதைக் கண்டித்த மார்க்கம், அண்டைக் குடும்பம் வீடின்றி அலையத் தன் வீட்டைப் பூட்டி வைப்பதை எப்படிப் பார்க்கும்?

மாற்று வழிகள் உண்டு

தடுப்பதோடு மார்க்கம் நின்றுவிடுவதில்லை, வழியையும் திறந்துவைக்கிறது.

முதல் வழி, முன்கூட்டிய வாடகை. மொத்தமாகப் பணம் தேவைப்படும் உரிமையாளர், மூன்றாண்டு வாடகையைச் சேர்த்தே வாங்கிக்கொள்ளட்டும். மாதம் 6,000 என்றால் 36 மாதங்களுக்கு 2,16,000 ரூபாய். முன்னதாகவே தருவதால் மாதம் 5,500 என்று தொடக்கத்திலேயே விலை பேசி 1,98,000 ரூபாய் என முடிவு செய்வதிலும் தடையில்லை. முக்கியமான வேறுபாடு ஒன்றுதான்: காலம் முடிந்ததும் இந்தத் தொகை திரும்பாது. அது கடனன்று; குடியிருப்பின் விலை. இடையில் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், எஞ்சிய மாதங்களுக்குரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். உரிமையாளரின் அவசரத் தேவையும் நிறைவேறும். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் தலையில் ஐந்து லட்சம் கடனும் இருக்காது.

இரண்டாம் வழி, நடப்பிலுள்ள ஒத்தியை வாடகையாக மாற்றுவது. இன்றே இருவரும் உட்கார்ந்து நியாயமான வாடகையை முடிவு செய்யுங்கள். கொடுத்த தொகையிலிருந்து மாதந்தோறும் அதைக் கழித்து வாருங்கள். 5,00,000 ரூபாயில் மாதம் 6,000 கழிந்தால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் கணக்கு முடிந்துவிடும். இடையில் பிரிய நேர்ந்தால் எஞ்சியதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். அசல் உங்களுக்கு உண்டு, நீங்களும் அநீதி செய்யாதீர்கள், உங்களுக்கும் அநீதி செய்யப்படாது என்ற கருத்தில் அல்பகறா அத்தியாயத்தின் 279ஆம் வசனம் காட்டும் பாதை இதுவே.

மூன்றாம் வழி, அறுவடையை ஒட்டிய தவணை. வயலை நம்பியோ, வயலை நம்பிய கடைகளை நம்பியோ வாழ்பவரிடம் மாதத்தின் ஐந்தாம் தேதியில் வாடகைக்காகக் கதவைத் தட்டுவதில் நியாயமில்லை. வாடகையைக் கூட்டாமல், குறுவைக்குப் பின் ஒரு பகுதி, சம்பாவுக்குப் பின் ஒரு பகுதி எனத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளலாம். தாமதத்துக்கு அபராதம் விதிக்காதீர்கள். சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம்.

எந்த வழியானாலும் எழுத்தில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனமே நமக்குக் கற்பிக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது; வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றும் வரம்பிடுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவுச் செலவுக்குத் தயங்கி வாழ்நாள் சேமிப்பை இழக்காதீர்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, உங்களிடம்தான்!

வட்டி உண்பவரை மட்டுமல்லாமல், அதைக் கொடுப்பவரையும், எழுதுபவரையும், அதற்குச் சாட்சி நிற்பவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் அனைவரும் சமமே என்று உணர்த்திய செய்தி முஸ்லிமில் உள்ளது. நம் முஹல்லாக்களில் ஒத்திப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் யார்? பெரும்பாலும் முத்தவல்லி, அல்லது நிர்வாகக் குழுவைச் சேர்ந்த மதிப்புமிக்க ஒருவர். வட்டியைக் கண்டித்து ஜும்ஆ பயானுக்கு ஏற்பாடு செய்யும் அதே கை, அஸருக்குப் பின் ஒத்திப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறது. இந்த முரண்பாடு இன்றோடு முடிய வேண்டும்.

இனி ஒத்திப் பத்திரத்துக்குச் சாட்சியாக நிற்க மாட்டோம் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானம் போடட்டும். அதோடு நின்றுவிட்டால், நெருக்கடியில் இருப்பவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய பாவம் சேரும். ஆகவே பைத்துல்மாலில் அழகிய கடனுக்கென்று தனி நிதி வையுங்கள். திருமணத்துக்காகவும் மருத்துவத்துக்காகவும் ஒத்திக்கு விட வேண்டிய நிலையில் உள்ளோருக்கு அதிலிருந்து கொடுத்து, தவணையில் திரும்பப் பெறுங்கள். அதைவிட முக்கியமாக, அந்தக் கடனுக்குக் காரணமாகும் ஆடம்பரத் திருமணங்களை உங்கள் மண்டபங்களிலேயே தடுத்து நிறுத்துங்கள். பள்ளிவாசலுக்கு வக்ஃபாக உள்ள வீடுகளை முதலில் தையல் எந்திரத்தை நம்பி வாழும் அந்தச் சகோதரிக்கு வாடகைக்குக் கொடுங்கள். செல்வாக்குள்ளவரின் உறவினருக்கு அல்ல. பூட்டிய வீடுகளின் உரிமையாளர்களிடம் நீங்களே பொறுப்பேற்றுப் பேசி, ஒழுங்கான குடும்பங்களுக்கு வாடகைக்குப் பெற்றுத் தாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மவரில் சிலர், வீடு கேட்டு வரும் பிற சமயச் சகோதரரை, குறிப்பாகத் தலித் குடும்பத்தை, ஏதேனும் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். நம் பெயரைக் கேட்டு வீடு மறுப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் உரிமை, அதே குற்றத்தைச் செய்யும் நமக்கு எங்கிருந்து வரும்? எதிரில் இருப்பவர் யாராயினும் நீதியாக நடக்க வேண்டும் என்பதே நமக்கு இடப்பட்ட கட்டளை.

சகோதரர்களே! ஒத்திக்குக் கொடுத்த பணம் திரும்பி வரும் நாளை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த வீட்டில் வாடகையின்றிக் கழித்த நாள்களுக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டிய நாளும் வரும். வட்டியை அழிப்பதாகவும் தர்மங்களை வளர்ப்பதாகவும் வாக்களித்த இறைவன், ஒத்தி என்ற பெயரைக் கேட்டு ஏமாறுபவன் அல்லன்.

ஹலாலான வாடகையைக் கொடுத்துக் குடியிருக்கும் ஒற்றை அறையில் அல்லாஹ் பரக்கத்தை வைத்திருக்கிறான். அதைத் தேடும் மனத்தை நமக்கும், தன் வீட்டின் கதவை நியாயமான வாடகைக்குத் திறந்துவிடும் தாராளத்தை நம் செல்வர்களுக்கும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.